கரி என்கிற வெள்ளைக் குதிரை

ஷரத்தம்மாவுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது யார் என்பதில் குதிரைக்காரர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. கால்நடை டாக்டர் தான்தான் வைத்ததாகச் சொல்லிக்கொள்வார். அவள் கணவர் லாடக்காரரோ, கல்யாணமான முதல் வாரமே தான் வைத்துவிட்டதாகவும், வெளியே சொல்லப் பயந்து மனசுக்குள்ளேயே வைத்திருந்ததாகவும் சொல்வார். யார் வைத்தால் என்ன, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அந்தப் பெயர் அவளுக்குப் பொருந்திப் போனது. ஷரத்து இல்லாத காகிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. மற்றவர்களைப் போட விட்டதும் இல்லை.

வக்கீல் ஆபீசில் டைப் அடித்தவள். வக்கீல் ஓய்வெடுத்துக்கொண்டபோது மேஜை, நாற்காலி, ஒரு எழுத்து உடைந்த டைப்ரைட்டர் மூன்றையும் அவளுக்கே கொடுத்துவிட்டார். லாடக்காரர் அவற்றைக் கொண்டுவந்து லாயத்தின் தீவன அறையில் போட்டார். டயர் கிடங்குக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட லாயம் அது. பதினோரு அறைகள். பத்தில் ஊரார் குதிரைகள் நின்றன, அவரவர் குதிரையை இங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள். தீவன அறையின் ஒரு சுவரில் சேணங்கள் தொங்கின, எதிர்ச் சுவரில் ஃபைல்கள். பின்னாளில் வந்த பிரிண்டரைத் திறந்தால் உள்ளே குதிரை முடி இருக்கும்.

குதிரை வைத்திருப்பவர்களுக்குள் இவ்வளவு வம்பு இருக்கும் என்று அவளே நினைத்ததில்லை. மாமனும் மாப்பிள்ளையுமாக இரண்டு பேர் ஒரு குதிரையைப் பாதிப் பாதி வாங்கினார்கள். ஆளுக்கு எந்தெந்த நாள் என்று கேட்டு எழுதினாள். "மழை பேஞ்சா அந்த நாள் யாரு கணக்குல?" என்று கேட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள். பாங்க்காரம்மா ஒருத்தி பெண்குதிரையை விற்ற நாலாம் மாதம் அது குட்டி போட்டது. குட்டி விற்றவளுக்கா வாங்கியவளுக்கா என்று இருவரும் முடியைப் பிடித்துக்கொள்ளாத குறை. அன்றிலிருந்து விற்பனைப் பத்திரம் எல்லாவற்றிலும் 'வயிற்றில் உள்ளது உட்பட' என்று ஒரு வரி சேர்ப்பாள், ஆண்குதிரையாக இருந்தாலும். செல்ஃபி எடுக்கப் போன ஒருவரின் தோளைக் குதிரை கவ்விய பிறகு வாசலில் பெரிய பலகை வைத்தாள். அனுமதியில்லாமல் குதிரைக்குப் பக்கத்தில் போனால் போகிறவரே பொறுப்பு என்று. பலகையைக் குதிரை பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தால் இன்னும் பிரயோஜனமாக இருக்கும் என்றார் லாடக்காரர்.

எல்லாவற்றுக்கும் மேலே அவள் ஒற்றைக்காலில் நிற்பது ஒரு விஷயத்துக்கு. எந்த ஒப்பந்தத்திலும் அது முடிகிற தேதி இருக்க வேண்டும். "முடியிற தேதி இல்லேன்னா அது ஒப்பந்தம் இல்லீங்க, சும்மா பேச்சு" என்பாள். இதைக் கேட்கும்போதெல்லாம் லாடக்காரர் உலைப் பக்கமிருந்து குரல் கொடுப்பார்: "நம்ம கல்யாணத்துக்கு மட்டும் தேதி போடாம விட்டுட்டியேம்மா."

"அது நான் டைப் அடிச்ச பத்திரம் இல்லையே. அடிச்சிருந்தா போட்டிருப்பேன்."

வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். உதட்டை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்வாள், அதுதான் அவளுக்குச் சிரிப்பு.

பதினோராவது அறையில் இருந்தவன்தான் கரி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. வாடகைக் குதிரைவண்டிகள் ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், வேனின் பின் இருக்கையில் போர்வை சுற்றிய ஒரு குட்டியோடு வந்து இறங்கினார். பிறந்து மூன்றாம் நாள். தாய் செத்துவிட்டது. இரண்டு மணிக்கொரு தடவை புட்டியில் பால் கொடுக்க அவரிடம் ஆளில்லை. லாடக்காரரிடம் கேட்கத்தான் வந்தார், ஆனால் குட்டி நேராகப் போய் ஷரத்தம்மாவின் புடவை நுனியைச் சப்ப ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

தலை முதல் குளம்பு வரை மை மாதிரிக் கறுப்பு. கரி என்று பெயர் வைத்ததும் அவள்தான். குட்டி பிழைத்து, நாலு காலும் தரையில் நிற்காமல் துள்ளத் தொடங்கியதும் அவளுக்குக் காகித நினைப்பு வந்துவிட்டது.

"எதுக்கும்மா காகிதம்? வளர்த்தவங்க நீங்க. வெச்சுக்கங்க" என்றார் பெரியவர்.

"அது எப்படிங்க? நாளைக்கு நீங்க கேட்டா நான் குடுக்கணும்ல?"

"நான் கேக்கப் போறதில்ல."

"அப்ப எழுதிக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. குதிரைக்காக அவள் அடித்த முதல் பத்திரம் அது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குட்டியைக் கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்து எழுதினாள். நிறம் முழுக் கறுப்பு. உடலில் எங்கும் வெள்ளை இல்லை. நெற்றியில் மேலும் கீழுமாக இரண்டு சுழி, கழுத்தின் இடப்பக்கம் ஒரு சுழி. வளர்ப்புக்கு மட்டும் தரப்படுகிறது. ஐந்து வயது நிறைந்த பின், உரிமையாளரோ அவர் வாரிசோ கேட்கும்போது திருப்பி ஒப்படைக்க வேண்டும். பெரியவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, குட்டியின் காதைத் திருகிக் கொஞ்சிவிட்டுப் போனார்.

முதல் வயது முடிகிறபோது கண்ணைச் சுற்றி வெள்ளை முடிகள் வந்தன. சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. தோல் வியாதியோ என்று டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இவன் அம்மா வெள்ளைக் குதிரைம்மா. இந்த ஜாதி கறுப்பாத்தான் பொறக்கும். வருஷா வருஷம் நரைச்சு, ஏழெட்டு வயசுல முழு வெள்ளையாயிடும். லாடக்காரர் சொல்லலியா?"

லாடக்காரர் குளம்பை மட்டும் பார்க்கிற ஆள். குளம்பு கறுப்பாகத்தான் இருந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

இரும்பு நிறமாகி, பிறகு சாம்பலில் புள்ளி புள்ளியாகி, கடைசியில் வெளுத்த வேட்டி மாதிரி ஆகிவிட்டான் கரி. பெயர் மட்டும் மாறவில்லை. கரி என்று கூப்பிட்டால் ஒரு வெள்ளைக் குதிரை தலையை நீட்டும், புதிதாக வந்தவர்கள் முழிப்பார்கள். பத்திரத்தைத் திருத்தியிருக்க வேண்டும். மற்றவர்களுடையதாக இருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பாள். ஆனால் அது முதல் பத்திரம், அதிலேயே தப்பு என்று ஊருக்குத் தெரிவதில் அவளுக்கு வெட்கம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். பெரியவர் எப்போதாவது ஒரு பை கேரட்டோடு வருவார். "உங்க குதிரை எப்படி இருக்கு?" என்று கேட்பார். உங்க குதிரை என்பார். அதைக் கேட்பதற்காகவே அவள் வாசல்வரை போவாள். ஐந்து வயது நிறைந்தது, ஆறு, ஏழு. அவர் கேட்கவே இல்லை. போன வருஷம் இறந்துபோனார்.

ஒரு திங்கட்கிழமை காலை அவருடைய மகன் வந்தார். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். சின்ன வயசு, மரியாதையான பேச்சு, கையில் ஒரு ஃபைல். லாயத்து வாசலில் கால் வைத்ததும் மூன்று தடவை தும்மினார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. குதிரைன்னாலே எனக்குத் தும்மல். அப்பா இருந்தவரைக்கும் லாயத்துப் பக்கமே போனதில்ல" என்றவர் ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "வண்டித் தொழிலை முடிச்சுக்கறோம். நாலு குதிரைக்கு விலை பேசி ஒப்பந்தமும் போட்டாச்சு. மூணு எங்க லாயத்துல இருக்கு. நாலாவது உங்ககிட்ட வளர்ப்புக்கு விட்டதா அப்பா ஃபைல்ல இந்தப் பத்திரம் இருக்கு. வியாழக்கிழமை வண்டி வருது."

அந்த உடைந்த எழுத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. 

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கு. எங்க வக்கீலே பாராட்டினார்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், அவளை அதைவிடப் பெரிதாக அடிக்க முடியாது என்று தெரியாமல். "நான் ஒரு தடவை போய்ப் பாத்துக்கலாமா?"

அவள் தலையாட்டினாள். கூடப் போகவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். அவர் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பத்திரத்தைக் கையில் விரித்துக்கொண்டு, ஒவ்வொரு அறையாக நின்று நின்று போனார். பழுப்பு, செம்மண் நிறம், புள்ளி போட்டது. உலைப் பக்கத்தில் சுத்தியல் சத்தம் நின்றுபோயிருந்தது. கடைசி அறையில் கரி கழுத்தை நீட்டி ஃபைலைக் கவ்வி இழுத்தான். அவர் தயங்கித் தயங்கி அவன் மூக்கில் ஒரு விரலை வைத்தார். பிறகு திரும்பி வந்தார்.

"கறுப்பு எதுவும் இல்லையேம்மா?"

"இல்ல" என்றாள் ஷரத்தம்மா. "இங்க கறுப்புக் குதிரை இல்ல."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். ஆனால் சொல்லி முடித்ததும் வாய் கசந்தது.

"வித்துட்டீங்களா? இல்ல, ஏதாவது ஆயிடுச்சா?"

"விசாரிச்சுச் சொல்றேன் தம்பி." இப்படி மழுப்பிய எத்தனை பேரை இதே நாற்காலியில் உட்காரவைத்து அவள் வறுத்தெடுத்திருக்கிறாள்.

"சரிம்மா. நாலும் ஒப்படைக்கலேன்னா நான்தான் பதில் சொல்லணும். அதான்." விசிட்டிங் கார்டை வைத்துவிட்டு, மறுபடி தும்மிக்கொண்டே போனார். உலகத்தில் எத்தனையோ பேருக்குக் கண்ணைச் சோதிக்கிற மனிதர், மூக்கைத் தொட்டுப் பார்த்தும் குதிரையை அடையாளம் தெரியாமல் போகிறார்.

லாடக்காரர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மத்தியானம் சாப்பிடும்போது அவர் ஏதாவது சொல்லுவார் என்று அவள் காத்திருந்தாள். விட்டுடு என்றோ, சொல்லிடு என்றோ. அவர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார்.

"என்னங்க, ஒண்ணும் சொல்லலியே?"

"பத்திரம் எழுதினவ நீ. நீ என்ன சொல்றியோ அதுதான்."

எரிச்சலாக வந்தது அவளுக்கு. ஊர்ப்பட்ட விஷயத்துக்கெல்லாம் கிண்டல் பண்ணுகிற மனிதர், தேவைப்படுகிற நேரத்தில் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று முழுவதும் மனசுக்குள் இரண்டு வக்கீல்கள் வாதாடினார்கள். பத்திரத்தில் கறுப்பு என்றுதானே இருக்கிறது? அந்தக் குதிரை இப்போது உலகத்திலேயே இல்லை. பெரியவரும் உங்க குதிரை என்றுதானே சொன்னார்? வாயால் சொன்னது சும்மா பேச்சு என்று சொல்கிறவள் நீதானே? கரி வேலியருகே வந்து அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டான். புட்டிப்பால் குடித்த காலத்துப் பழக்கம். இப்போது அவன் தலையே ஒரு மூட்டை கனம். அவள் தோளைத் தாழ்த்தாமல் நின்றாள்.

செவ்வாய்க்கிழமை வேறொரு வழக்கு வந்தது. பேக்கரிக்காரர் ஒரு மட்டக்குதிரையை நீச்சல் மாஸ்டருக்கு விற்றிருந்தார். அது போன இடத்தில் கதவு, தூண், பெஞ்சு என்று மரம் எதையும் விட்டுவைக்காமல் கடித்துக் குதறியது. பழைய பழக்கமாம். விற்றவருக்கு முன்பே தெரியுமாம்.

"அவர் கேக்கலீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் பேக்கரிக்காரர்.

"கேக்கலேன்னா சொல்ல வேண்டியதில்லையா?" ஷரத்தம்மா மேஜையில் தட்டினாள். "வாங்கறவருக்குத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு வாயை மூடிட்டு இருந்தா அதுக்குப் பேரு என்னங்க?"

பேக்கரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். குதிரையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். அவர்கள் போன பிறகும் அவள் கை மேஜையிலேயே இருந்தது. கை வலித்தது. அவ்வளவு பலமாகவா தட்டினோம் என்று பார்த்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை கண்ணாடிக்கடைக்குப் போனாள். கடையில் கூட்டமில்லை. அவளைப் பார்த்ததும் அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அவள் பையிலிருந்து தன் பிரதியை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு படிக்கத் தொடங்கினாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். எவ்ளோ நாளா இப்படித் தள்ளி வெச்சுப் படிக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் சோதிக்கிற சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டார். "இது? இப்ப இது?" மூன்றாவது வில்லையில் எழுத்துகள் பளிச்சென்று நின்றன. நிறம் முழுக் கறுப்பு. உடலில் எங்கும் வெள்ளை இல்லை.

அந்தச் சட்டத்தோடேயே அவள் சொல்லிவிட்டாள். "தம்பி, உங்க குதிரை என்கிட்டதான் இருக்கு. அன்னைக்கு உங்க ஃபைலைக் கடிச்சானே, அவன்தான்."

"அது வெள்ளைக் குதிரைம்மா."

"நரைச்சுப்போச்சு."

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பவர் சரியில்லையோ என்று சந்தேகப்பட்டிருப்பார். "குதிரைக்கு நரைக்குமா?"

"சிலதுக்கு நரைக்கும். நான் எழுதினது தப்பு. திங்கட்கிழமை நான் சொன்னது அதைவிடத் தப்பு. வாங்க, காட்டறேன்."

கடையைச் சாத்திவிட்டு வந்தார். அவள் கரியின் தலையைத் தாழ்த்திப் பிடித்து நெற்றி முடியை ஒதுக்கினாள். மேலும் கீழுமாக இரண்டு சுழி. கழுத்தின் இடப்பக்கம் ஒன்று. சுழி மட்டும் பிறந்தபடியேதான் இருக்கும் என்றாள். ஒரு குவளைத் தண்ணீரைக் கழுத்தில் ஊற்றினாள். நனைந்த வெள்ளை முடி படிந்ததும் அடியிலிருந்த தோல் கன்னங்கரேலென்று தெரிந்தது. கண்ணாடிக்கடைக்காரர் தும்ம மறந்து நின்றார். பத்திரத்தையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காதும்மா."

"தெரியும் தம்பி. அதனாலதான் ரெண்டு நாள் ஆச்சு."

"நாளைக்கு வண்டி வருதே."

"வரட்டும். பிழைத்திருத்தல் பத்திரம் ஒண்ணு அடிச்சு வெக்கிறேன். நிறத்தை மாத்தி, இதுதான் அந்தக் குதிரைன்னு. வாங்கறவங்க உங்களைத் தப்பா நினைக்கக் கூடாது."

அவர் போன பிறகு கரிக்கு உடம்பு தேய்த்துவிட்டாள். இதுதான் கடைசித் தேய்ப்பு என்று நினைத்தவுடன் தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள். குளம்புகளைச் சுத்தம் செய்ய முன்னங்காலைத் தூக்கினாள். லாடம் புதுசாக மின்னியது. அடுத்த காலைத் தூக்கினாள். அதுவும். நாலும் புதுசு.

லாடம் மாற்றுகிற தேதிகளைச் சுவரில் எழுதி வைப்பவள் அவள். கரிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"என்னங்க, இதை எப்ப அடிச்சீங்க?"

"நேத்துக் காலைல" என்றார் லாடக்காரர், உலையைக் கிளறிக்கொண்டே.

"நாள் இருக்கே இன்னும்?"

"எந்த ஊருக்குப் போறானோ. அங்க ஆள் கெடைக்கற வரைக்கும் தாங்கணும்ல. தேஞ்ச லாடத்தோட அனுப்ப முடியுமா?"

நேற்றுக் காலை. நேற்றுக் காலை பேக்கரிக்காரர்கூட வந்திருக்கவில்லை. அவள் மனசுக்குள் இரண்டு வக்கீல்களும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நேரம் அது.

"நான் சொல்லுவேனான்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

 கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டாள் என்பதுபோல அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி உலைக்குத் திரும்பினார். அவர் கண்ணும் சிவந்திருந்தது, புகை என்று சொல்லிக்கொள்ள உலை வசதியாக இருந்தது. ஷரத்தம்மா கரியின் காலைத் தரையில் வைத்துவிட்டு, அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நன்றாக அழுதாள். எத்தனையோ வருஷம் கூடவே இருந்தும் அந்த மனிதரை முழுசாகப் படித்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை பெரிய வண்டி லாயத்து வாசலில் வந்து நின்றது. மூன்று குதிரைகளை ஏற்கெனவே ஏற்றியிருந்தார்கள். வாங்குகிறவர்களின் மேனேஜர் இறங்கினார், கூடவே கண்ணாடிக்கடைக்காரர். ஷரத்தம்மா தலைக்கயிற்றைப் பிடித்துக் கரியை வெளியே நடத்தி வந்தாள். புது லாடம் சிமென்டில் கணகணவென்று கேட்டது.

மேனேஜர் அவனைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் பார்த்தார். "நம்ம குதிரை எங்க?"

"இதுதான்" என்றாள், பிழைத்திருத்தல் பத்திரத்தை நீட்டி.

அவர் படித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அம்மா, எங்க ஹோட்டல் வண்டிக்கு நாலு கறுப்புக் குதிரை. போர்டுலயே நாலு கறுப்பு வரைஞ்சு மாட்டியாச்சு. மூணு கறுப்போட ஒரு வெள்ளையைப் பூட்டினா, ஒண்ணுக்குப் பெயின்ட் அடிக்க மறந்துட்டோம்னுதான் நினைப்பாங்க."

"ஒப்பந்தத்துல கறுப்புன்னு இருக்கா?" என்று அவள் கேட்டாள். அந்த ஒப்பந்தத்தை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.

கண்ணாடிக்கடைக்காரர் ஃபைலைப் புரட்டினார். "நான் சும்மா அப்பா பத்திரத்தைப் பாத்து அப்படியே எழுதினேன்..." 'முழுக் கறுப்பு நிறமுள்ள குதிரைகள் நான்கு' என்று இருந்தது. வக்கீல் ஆபீசில் அவள் டைப் அடித்துப் பழகிய வாசகம்கூட இவ்வளவு உறுதியாக இராது.

"விட்டுடலாம். மூணு போதும். நாலாவதை வேற இடத்துல பாத்துக்கறோம்" என்றார் மேனேஜர். "நீங்க மறைக்கலேன்னு இந்தக் காகிதமே சொல்லுதே." அவள் விடவில்லை. நாலாவது குதிரை ஒப்பந்தத்திலிருந்து நீக்கப்படுகிறது, இரு தரப்பிலும் குறையில்லை என்று அங்கேயே அடித்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வண்டியைப் போகவிட்டாள்.

வண்டி போன பிறகு கண்ணாடிக்கடைக்காரர் கரியின் எதிரில் நின்றார். ஒரு முழம் தள்ளித்தான். "இப்ப இவன் என்னோடவனா?"

"உங்களோடவன்தான் தம்பி." அவள் ஒன்றையும் விடாமல் சொன்னாள். தடுப்பூசி, பூச்சி மருந்து, அரத்தால் பல் ராவுவது, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை லாடம், இன்சூரன்ஸ், இவன் யாரையாவது உதைத்தால் யார் பொறுப்பு. "விக்கறதா இருந்தாலும் நல்ல சவாரிக் குதிரை, நல்ல இடமாப் பாத்து விக்கலாம். நானே எழுதித் தர்றேன்."

அவர் அதையெல்லாம் பாதிக்கு மேல் காதில் வாங்கவில்லை. "அஞ்சு வயசுக்கு மேல கேட்டா குடுக்கணும்னு எழுதியிருக்கே. அப்பா ஏன் கேக்கல?"

"கேக்கப் போறதில்லன்னு அப்பவே சொன்னார். நான்தான் அவர் பேச்சைக் கேக்காம எழுதினேன்."

 கரி ஃபைலை எட்டிப் பார்த்தான். அவர் இந்தத் தடவை அதைப் பின்னால் இழுத்துக்கொள்ளவில்லை. "அப்ப நானும் கேக்கல" என்றார்.

 அதற்கு ஷரத்தம்மா சொன்னது இதுதான்: "கேக்கலேன்னு வாயால சொன்னா அது சும்மா பேச்சு தம்பி. எழுதணும்."

லாடக்காரரும் சேர மூவரும் தீவன அறைக்குப் போனார்கள். கண்ணாடிக்கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து புதுக் கண்ணாடியை அவள் மூக்கில் மாட்டிவிட்டார். இனிமேல் கையை நீட்டிப் படிக்க வேண்டாம் என்றார். அவள் டைப் அடித்தாள். குதிரை இவர்கள் லாயத்தில், இவர்கள் பராமரிப்பில், இவர்கள் கையிலேயே இருக்கும். முதல் தரப்பு எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், தும்மலுக்கு இரண்டாம் தரப்பு பொறுப்பல்ல. நிறம் என்ற இடத்தில் விரல் ஒரு கணம் நின்றது. 'இன்றைய தேதியில் வெள்ளை' என்று அடித்தாள்.

"முடியிற தேதி என்ன போடட்டும் தம்பி?"

"முடியிற தேதியா? எதுக்கும்மா? அவன் இருக்கிற வரைக்கும்."

 புதுக் கண்ணாடிக்குள் எழுத்துகள் கலங்கின. அப்படியே அடித்தாள்.

சாட்சிக் கையெழுத்துக்கு லாடக்காரரிடம் நீட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கியவர், வழக்கமாகப் படிக்காமலே போடுகிறவர், இன்று அப்படிப் போடவில்லை. விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். கடைசி வரியில் விரல் நின்றது. பேனாவை எடுத்தார், கையெழுத்துப் போட்டார், காகிதத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"தேதி போடாம நீ விட்டது" என்றார், "இதோட ரெண்டு."